கூடைக்காரி ஆட்டத்தைக் கெடுத்தது யார்

பென்வாரா
24 ஜூலை 1967

கிளெமோ,

இதை ஜோரி பெண்டரிடம் கொடுத்து அனுப்புகிறேன். நண்டுக்கூடை போட உன் பாறைப் பக்கம் படகு விடுகிறவன் அவன் ஒருவன்தான். கடலில் போட்டுவிடாமல் உன் கயிற்றில் கட்டிவிடுகிறேன் என்று சத்தியம் செய்திருக்கிறான்.

நீ கலங்கரை விளக்கத்துக்கு இரண்டு மாத வேலைக்குப் போய்விட்டாய் என்பதை தபாலாபீஸ் வரிசையில் நின்றுகொண்டு தெரிந்துகொண்டேன். நாலு வீடு தள்ளி அக்கா இருக்கிறாள், ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவோம் என்று தோன்றவில்லை. போகட்டும். பத்து மாதமாகப் பேசாதவன் அன்றைக்கு மட்டும் ஏன் பேசப்போகிறான்? ஆனால் கான்சர்டினாப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு போயிருக்கிறாயே, அதற்கு என்ன அர்த்தம்? அங்கே யாருக்கு வாசிக்கிறாய், கடற்காக்கைக்கா?

விஷயத்துக்கு வருகிறேன். திருவிழாக் கமிட்டி நேற்று கூடியது. தலைவர் யூரன் வழக்கம்போல் தொண்டையைச் செருமிக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: "டீச்சரம்மா, இந்த ஒரு தடவை பார்ப்போம். போன வருஷம் மாதிரி எட்டுப் பேரும் குவியலா விழுந்தா, அடுத்த வருஷத்துல இருந்து மூணு மணிக்குக் கழுதைப் பந்தயம்தான். கழுதை விழாது பாருங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அறுபது வருஷமாக யாரும் ஆடாமல் கிடந்தது இந்தக் கூடைக்காரி ஆட்டம். தேவாலய அலமாரியில் எலி கடித்துக் கிடந்த நோட்டைக் கண்டுபிடித்து, வரிக்கு வரி படித்து, எட்டுப் பேரைச் சேர்த்து நிறுத்த எனக்கு மூன்று வருஷம் ஆகியிருக்கிறது. அந்த இடத்தில் கழுதை ஓடுவதைப் பார்க்க நான் இருக்கப்போவதில்லை. ஊரைவிட்டே போய்விடுவேன்.

நோட்டில் ஆட்டம் இருக்கிறது, மெட்டு இல்லை. அது அம்மா பாத்திரம் கழுவும்போது முணுமுணுத்தது, உன் விரலில் மட்டும்தான் முழுதாக இருக்கிறது. எனக்குச் சங்கீதம் காதில் ஏறாது என்பது உனக்கே தெரியும். ஆகவே செப்டம்பர் 25, திங்கட்கிழமை மூன்று மணிக்கு நீ பெட்டியோடு இங்கே இருக்க வேண்டும். இந்தத் தடவை நிதானமாக வாசி.

லவ்டே

---

பாறையிலிருந்து
3 ஆகஸ்ட்

அக்கா,

கடிதம் வந்து சேர்ந்தது. ஜோரி சத்தியத்தைக் காப்பாற்றினான், நண்டு நாற்றம் மட்டும் கொஞ்சம் சேர்ந்துவிட்டது. இரண்டு முறை படித்தேன். மன்னிப்பு என்ற சொல் எங்கேயாவது மடிப்பில் ஒளிந்திருக்கிறதா என்று தாளைத் திருப்பிக்கூடப் பார்த்தேன். அது இல்லை, "நிதானமாக வாசி" என்பது இருந்தது.

உனக்கு மறந்திருக்கலாம், நான் சொல்கிறேன். போன திருவிழாவில் நான் வைக்கோல் வண்டிமேல் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தேன். கீழே உன் எட்டுப் பேரும் நடுவில் முட்டிக்கொண்டு விழுந்தார்கள். ஹெட்டி கர்னோவின் பல்செட்டு உருண்டு ஓடியது. நீ என்ன செய்தாய்? விழுந்தவர்களைத் தூக்கவில்லை. வண்டிமேல் ஏறி, பள்ளிக்கூட மைதானத்தில் கூப்பிடுகிற குரலில், "எல்லாரும் கேட்டுக்கோங்க. ஆட்டத்துல ஒரு குறையும் இல்ல. இவன் கண்ணுமண்ணு தெரியாம வாசிச்சதுதான் காரணம்" என்றாய். அந்தக் குரலுக்கு ஊரே வாயை மூடிக்கொண்டது. நாற்பத்தைந்து வயது ஆளை மூன்றாம் வகுப்புப் பையனாக்கி நிறுத்தினாய்.

அன்றிலிருந்து கடைக்குப் போனால், "என்ன கிளெமோ, ரயிலைப் பிடிக்கணுமா?" என்கிறார்கள். பெட்டியைக் கையில் எடுத்தாலே, "மெதுவா, மெதுவா." இங்கே நான் ஏன் இரண்டு மாதம் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன் என்று நினைக்கிறாய்?

வருகிறேன். என் முறை 19ஆம் தேதி முடிகிறது, படகு வந்ததும் இறங்கிவிடலாம். ஆனால் ஒரே ஒரு நிபந்தனை. அதே வண்டிமேல் ஏறி, அதே குரலில், அதே ஜனங்களிடம், தப்பு என் தம்பியுடையது இல்லை என்று நீ சொல்ல வேண்டும். சொன்னால் வாசிப்பேன். இல்லாவிட்டால் கடற்காக்கைக்கே வாசித்துக்கொள்கிறேன், அவை குறை சொல்வதில்லை.

கிளெமோ

---

பென்வாரா
15 ஆகஸ்ட்

கிளெமோ,

செய்யாத தப்பை நான் ஏன் ஒப்புக்கொள்ள வேண்டும்? அன்றைக்கு நான் சொன்ன தொனி சரியில்லை என்று வேண்டுமானால் சொல்லலாம். சொல்கிறேன். தொனி சரியில்லை. போதுமா?

உன் பிடிவாதத்தால் இங்கே என்ன நடக்கிறது தெரியுமா? நேற்று சாப்பல் கூடத்தில் ஒத்திகை. யூரனின் மனைவி பியானோ வாசித்தாள். அவள் கைக்கு எந்தப் பாட்டும் சவ ஊர்வலமாகிவிடுகிறது. எட்டுப் பேரும் பிணத்தின் பின்னால் போவதுபோல் நடந்தார்கள். அப்படியும் முட்டிக்கொண்டார்கள், அதுதான் எனக்குப் புரியவில்லை. ஹெட்டி இப்போது பல்செட்டைக் கைக்குட்டையில் சுற்றிக் கைப்பையில் வைத்துவிட்டுத்தான் வரிசையில் நிற்கிறாள். "என் பல்லு பத்திரமா இருந்தா போதும், ஆட்டம் எப்படியோ போகட்டும்" என்கிறாள்.

நான் தட்டச்சு செய்து எட்டுப் பேருக்கும் கொடுத்த தாளில் ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன். நீயே படித்துப் பார். "முதல் ஜோடி கைகோத்து நடுவால் கீழே இறங்கும். கடைசி ஜோடி டைரக்ட்லி மேலே ஏறும்." டைரக்ட்லி என்றால் உடனே, இதில் என்ன குழப்பம்? தாள் முழுக்க ஒரு எழுத்துப்பிழை கிடையாது. பிழை இருந்தால் எனக்கு எழுது.

லவ்டே

---

பாறையிலிருந்து
30 ஆகஸ்ட்

அக்கா,

உன் தாளைப் படித்தேன். படித்ததோடு விடாமல் ஆடியும் பார்த்தோம். சிரிக்காதே. இங்கே மூன்று பேர் இருக்கிறோம். தலைமைக் காவலர் பொலித்தோ, நான், ஜூன் மாதம் வடக்கேயிருந்து வந்து சேர்ந்த ஆல்ஃப் என்கிற யார்க்‌ஷயர்க்காரர். வட்டமான அறை, நடுவில் இரும்புக் குழாய். இரண்டு நாற்காலியை இரண்டு ஜோடியாக வைத்து, ஒன்றை ஆல்ஃப் தள்ளினார், இன்னொன்றைப் பொலித்தோ தள்ளினார். நான் எவ்வளவு மெதுவாக வாசித்தாலும் நாற்காலிகள் குழாயடியில் இடித்துக்கொண்டன. முதல் ஜோடி இறங்குகிற அதே நேரத்தில் கடைசி ஜோடி ஏறினால் வேறு எப்படி முடியும்? பாதை ஒன்றுதானே.

இனி நான் சொல்வதைக் கவனமாகப் படி. செவ்வாய்க்கிழமை ஆல்ஃப் அடுப்பில் இறைச்சிப் பேஸ்டி சுட்டார். நான் மேலே விளக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கீழேயிருந்து அவர், "கிளெமோ, நான் தண்ணி பிடிக்கப் போறேன், அடுப்புல இருக்கிறதை எடுத்துடுறியா?" என்றார். "டிரெக்லி" என்றேன்.

கண்ணாடியை முடித்துக்கொண்டு நான் இறங்கியபோது அறை முழுக்கப் புகை. பேஸ்டி கரிக்கட்டை. ஆல்ஃப் கொதித்துக்கொண்டிருந்தார்.

"உடனே எடுக்கிறேன்னுதானே சொன்னே?"

"எங்க சொன்னேன்? டிரெக்லின்னு சொன்னேன்."

"அதைத்தான்யா நானும் சொல்றேன். டைரக்ட்லி. உடனே."

பொலித்தோ சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து சரிந்துவிட்டார். "தம்பி, நம்ம பக்கத்துல டிரெக்லின்னா உடனே இல்ல. வருவேன், எப்பன்னு மட்டும் கேக்காதேன்னு அர்த்தம். எங்க வீட்டுக் கூரையைப் பார்க்க ஒருத்தன் ஈஸ்டர் அன்னிக்கு டிரெக்லி வர்றேன்னான். நான் இன்னும் வாளி வெச்சுத்தான் தூங்குறேன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஓடிப்போய் உன் தாளை எடுத்தேன். அந்த நோட்டை எழுதிய பாதிரியார் மனைவிக்கு ஆட்டத்தைச் சொன்னது கிரேஸ் கெல்லோ. முதுகில் மீன்கூடை சுமந்து பத்து மைல் நடந்து விற்றவள். அவள் வாயில் டைரக்ட்லி என்ற சொல் எப்படி வந்தது? பள்ளிக்கூடத்தில் உன்னைத் தவிர இந்த ஊரில் யார் அப்படிப் பேசுகிறார்கள்?

தாளைப் பார்க்காதே. பழைய நோட்டை எடுத்துப் பார்.

நிபந்தனை அப்படியே இருக்கிறது.

கிளெமோ

---

பென்வாரா
6 செப்டம்பர்

கிளெமோ,

பார்த்தேன்.

ஊதா மையில், பாதிரியார் மனைவியின் சாய்ந்த கையெழுத்தில், டிரெக்லி என்றுதான் இருக்கிறது. அவள் கேட்டதைக் கேட்டபடி எழுதியிருக்கிறாள். அதன்மேல் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு. மேலே சின்னதாக "டைரக்ட்லி". ஓரத்தில் "எழுத்துப்பிழை" என்று வேறு எழுதியிருக்கிறது. கையெழுத்து என்னுடையது.

எப்போது அடித்தேன் என்று நினைவே இல்லை. முப்பத்தாறு வருஷம் பிள்ளைகளின் நோட்டில் அந்தச் சொல்லை அடித்து அடித்து, கை தானாகப் போயிருக்கிறது. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை இந்தத் தெருவில் கேட்கிற சொல். நானே சமையலறையில் சொல்கிற சொல். தாளில் பார்த்ததும் பிழையாகத் தெரிந்திருக்கிறது. எனக்கு வெட்கமாக இருக்கிறது, அதைவிட எரிச்சலாக இருக்கிறது.

அன்றே எட்டுப் பேரையும் கூட்டினேன். கடைசி ஜோடியை இருந்த இடத்திலேயே நிறுத்தினேன். முதல் ஜோடி இறங்கி வெளியே போகும்வரை அவர்கள் அவசரமே இல்லாமல், குதிகாலையும் நுனிக்காலையும் தரையில் தட்டிக்கொண்டு, அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு ஏறினார்கள். யாரும் முட்டவில்லை. இந்த ஆட்டத்தின் அழகே அப்படி நிற்பதில்தான் இருக்கிறது, கிளெமோ. கூடையை இறக்கி வைத்துவிட்டு வம்பு பேசுகிற மீன்காரிகள். ஹெட்டி பல்லில்லாமல் சிரித்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஏன் முட்டிக்கொண்டார்கள் என்று எல்லோரும் கேட்டார்கள். "ஒரு சின்ன எழுத்துக் கோளாறு" என்றேன். யாருடைய கோளாறு என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

உன்னிடம் எழுத்தில் ஒப்புக்கொண்டுவிட்டேன். தப்பு என்னுடையது, உன்னுடையது இல்லை. இது போதாதா? அந்த வண்டிமேல் ஏற வேண்டும் என்று கேட்காதே. ஊரில் பாதிப் பேர் என்னிடம் எழுத்துப்பிழைக்கு முழங்காலிட்டவர்கள். அவர்கள் முன்னால் எப்படி ஏறுவேன்?

19ஆம் தேதி வந்துவிடு. இரவுச் சாப்பாடு என் வீட்டில்.

அக்கா

---

பாறையிலிருந்து
21 செப்டம்பர்

அக்கா,

படகு வரவில்லை. 19ஆம் தேதி வந்து, பாறையைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டது. நேற்றும் அப்படியே. படிக்கட்டில் அலை ஆள் உயரத்துக்கு அடிக்கிறது. ஜோரி தைரியமாகக் கிட்ட வந்து கடிதம் வைக்கிற தகர டப்பாவை மட்டும் கொடுத்து வாங்கிக்கொள்கிறான், ஆளை இறக்க முடியாது. இன்னும் ஒரு வாரம் இப்படித்தான் என்று பொலித்தோ சொல்கிறார். அவர் சொன்னால் மாறாது.

திங்கட்கிழமை நான் அங்கே இருக்க மாட்டேன். எனக்கு யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. ஆல்ஃபைத் திட்டினேன், அவர் என்ன செய்வார் பாவம்.

மெட்டைப் போன வருஷம் எட்டுப் பேரும் மாதக்கணக்கில் கேட்டிருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு துண்டு ஞாபகம் இருக்கும். சேர்த்துப் பாடச் சொல். யாராவது தேநீர்த் தட்டில் தாளம் போடட்டும். யூரனின் மனைவியைப் பியானோ பக்கம் விடாதே.

வண்டிமேல் ஏறுகிற விஷயம். விட்டுவிடு, அக்கா. நீ கடிதத்தில் எழுதியதே எனக்குப் போதும். உண்மையாகத்தான் சொல்கிறேன். ஏறாதே.

கிளெமோ

---

பென்வாரா
26 செப்டம்பர்

கிளெமோ,

நேற்று என்ன நடந்தது என்று கேட்டுக்கொள்.

மூன்று மணிக்குச் சதுக்கம் நிரம்பி வழிந்தது. ஆட்டத்தைப் பார்க்க வந்தவர்கள் பாதி, விழுவதைப் பார்க்க வந்தவர்கள் பாதி. ஜோரியின் தம்பிமார் முன்வரிசையில் தலையணையோடு உட்கார்ந்திருந்தார்கள், டீச்சரம்மாவின் ஆட்களுக்கு அடிபடக் கூடாதாம். வைக்கோல் வண்டி போன வருஷம் நின்ற அதே இடத்தில் நின்றது. உன் நாற்காலி மேலே காலியாக இருந்தது.

நீ ஏறாதே என்று எழுதியிருந்தாய். அதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. இரண்டு மாதம் பிடிவாதம் பிடித்துவிட்டு, வர முடியாமல் போனதும் பெரிய மனசு பண்ணி மன்னிக்கிறானே என்று. உன் பெரிய மனசு எனக்கு வேண்டாம். ஏறிவிட்டேன். முழங்கால் ஒத்துழைக்கவில்லை, யூரன் பின்னாலிருந்து தள்ளினார்.

"போன வருஷம் இதே இடத்துல நின்னு, தப்பு என் தம்பிமேலன்னு சொன்னேன்" என்றேன். "அது பொய். நோட்டுல டிரெக்லின்னு இருந்துச்சு. நான் அதைப் பிழைன்னு அடிச்சு டைரக்ட்லின்னு போட்டேன். உடனே ஏறுன்னு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். நீங்க முட்டினதுக்கு நான் காரணம். கிளெமோ இல்ல."

பின்னாலிருந்து ஒருவன், என்னிடம் படித்தவன்தான், "டீச்சர், நூறு தடவை எழுதுங்க" என்றான். சதுக்கமே அதிர்ந்தது. சிரித்து ஓய எவ்வளவு நேரம் ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. ஹெட்டி கீழேயிருந்து, "அப்ப என் பல்லுக்கு நீங்கதான் ஜவாப்பு" என்றாள். நான் ஆமாம் என்றேன். என் காது கொதித்தது. ஆனால் செத்துப்போகவில்லை.

பிறகு ஆடினார்கள். எட்டுப் பேரும் வாயால் பாடிக்கொண்டே ஆடினார்கள், யூரன் தட்டைத் தட்டினார். பாதியில் பாட்டு மறந்துபோய், மூன்று பேர் மூன்று விதமாக இழுத்தார்கள். ஆனால் கடைசி ஜோடி நின்று காலைத் தட்ட ஆரம்பித்ததும் கூட்டம் முழுக்கக் கால் தட்டியது. யாரும் விழவில்லை. இரண்டாவது தடவை ஆடச் சொன்னார்கள். மூன்றாவது தடவை தலையணைக்காரர்களே உள்ளே வந்துவிட்டார்கள்.

கழுதை வேண்டாம் என்று யூரன் என்னிடம் காதோடு சொல்லிவிட்டுப் போனார்.

நீ இருந்திருக்க வேண்டும். உன்னைக் கூட்டத்தில் தேடிவிட்டு, கடலில் இருக்கிறாய் என்று இரண்டு தடவை எனக்கே சொல்லிக்கொண்டேன். இனிமேல் யாரும் ரயிலைப் பிடிக்கிறாயா என்று கேட்க மாட்டார்கள். நிம்மதியாக வா.

அக்கா

---

பென்சான்ஸ்
2 அக்டோபர்

அக்கா,

படகு வெள்ளிக்கிழமை வந்தது. பென்சான்ஸில் இறங்கி மூன்று நாள் ஆகிறது. உன் கடிதம் சட்டைப்பையில் இருக்கிறது. இங்கிருந்து நம் ஊருக்குப் பஸ்ஸில் நாற்பது நிமிஷம். மூன்று நாளும் நிறுத்தம்வரை போனேன், திரும்பி வந்து விடுதியில் படுத்துக்கொண்டேன்.

ஏறாதே என்று சொன்னேனே. ஒரு தடவையாவது நான் சொன்னதைக் கேட்கக் கூடாதா? நீ நினைத்ததுபோல் அது பெரிய மனசு இல்லை. நோட்டில் சிவப்புப் பென்சில் என்று நீ எழுதியதைப் படித்த அன்றைக்கே எனக்குத் தூக்கம் போய்விட்டது. நீ நேர்மையாக முழுத்தப்பையும் எடுத்துக்கொண்டாய். அதில் ஒரு பகுதி உன்னுடையது இல்லை.

நான் வேகமாகத்தான் வாசித்தேன், அக்கா.

முதல் சுற்றில் சரியாகத்தான் வாசித்தேன். அப்போதே அவர்கள், ஒத்திகையில் போலவே, லேசாக முட்டிக்கொண்டார்கள், தோளோடு தோள், யாரும் விழவில்லை. வண்டிமேலிருந்து பார்க்க எனக்கு அப்படி ஒரு சிரிப்பு வந்தது. மூன்று மாதம் நீ குச்சியால் மேஜையைத் தட்டி என்னை வேலை வாங்கியிருந்தாய். "மறுபடி, கிளெமோ. மறுபடி." கொஞ்சம் வேகம் கூட்டினால் இன்னும் நன்றாக முட்டுவார்கள் என்று தோன்றியது. கூட்டினேன். அவ்வளவுதான். எட்டுப் பேரும் விழுவார்கள் என்றோ, ஹெட்டியின் பல் உருளும் என்றோ நினைக்கவில்லை.

நீ வண்டிமேல் ஏறிக் கத்தியபோது நான் ஒப்புக்கொண்டிருக்கலாம். ஆனால் முழுத்தப்பும் என் தலையில் விழுந்ததும் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பத்து மாதம் ரோஷத்தோடு இருந்ததில் நான் செய்ததே எனக்கு மறந்துவிட்டது. உண்மையாகவே மறந்துவிட்டது. பாதிக்கப்பட்டவன் நான் என்று நானே நம்பிவிட்டேன்.

இப்போது ஊர் முழுக்க உன்னைப் பார்த்துச் சிரிக்கிறது, நான் உத்தமன். எந்த முகத்தோடு பஸ் ஏறுவேன்?

கிளெமோ

---

பென்வாரா
4 அக்டோபர்

கிளெமோ,

எனக்குச் சங்கீதம்தான் தெரியாது. எண்ணத் தெரியும். முதல் சுற்றுக்கு முப்பத்திரண்டு அடி, நான் மனசுக்குள் முப்பத்திரண்டு எண்ணினேன். இரண்டாவது சுற்றில் இருபது எண்ணுவதற்குள் நீ முடித்துவிட்டாய். அதனால்தான் அன்றைக்கு அவ்வளவு உறுதியாகக் கத்தினேன். சிவப்புப் பென்சிலைப் பார்த்த பிறகு, என் எண்ணிக்கைதான் தப்பு என்று ஒரு மாதமாக என்னையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். அறுபதை நெருங்குகிறோம், புத்தி கலங்குகிறது போலும் என்று டாக்டரைப் பார்க்கக்கூட நாள் வாங்கிவிட்டேன். அதற்கு உன்னை எந்தக் காலத்திலும் மன்னிக்க மாட்டேன்.

என் பங்கை நான் சொல்லிவிட்டேன். உன் பங்கு பாக்கி இருக்கிறது.

வண்டியைக் கொட்டகைக்கு எடுத்துப்போக யூரன் இன்று காலை குதிரையோடு வந்தார். "இருக்கட்டும், இன்னும் ஒரு ஆள் ஏற வேண்டியிருக்கு" என்று திருப்பி அனுப்பிவிட்டேன். யார் என்று அவர் கேட்டார், சனிக்கிழமை தெரியும் என்றேன். அதற்குள் ஊர் முழுக்கச் சொல்லியிருப்பார். மூன்று மணிக்கு எல்லோரும் வந்துவிடுவார்கள், ஹெட்டி முன்வரிசையில் இடம் பிடித்தாயிற்று.

மழை பெய்கிறது, வண்டி நனைந்துகொண்டு நிற்கிறது. பத்து மணி பஸ்ஸில் ஏறு.

அக்கா